மைக் ட்ரவுட்: மைனர் லீக் நாட்களில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை

2009 அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் அணி மைக் ட்ரவுட்டை எடுத்த 25-வது இடம் உண்மையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சேர வேண்டியது. 2008 கடைசியில் மார்க் டெஷெய்ரா ஏஞ்சல்ஸை விட்டுவிட்டு 8 வருடம், 18 கோடி டாலர் என்று யாங்கீஸோடு ஒப்பந்தம் போட்டார். அப்போது இருந்த விதிப்படி, பெரிய ஆட்டக்காரரை இப்படிக் கூட்டிக்கொண்டு போகிற அணி, இழந்த அணிக்குத் தன் முதல் சுற்று இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படித்தான் 25 ஏஞ்சல்ஸ் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய 24-வது இடமும் அவர்களுக்கே வந்தது, பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் மெட்ஸுக்குப் போனதற்கு ஈடாக.

பேஸ்பால் அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: இந்த டிராஃப்ட் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. பள்ளி, கல்லூரிப் பையன்கள் பெயரை ஒவ்வொரு அணியும் வரிசைப்படி சொல்லும், சொன்னவுடன் அந்தப் பையனோடு பேரம் பேசும் உரிமை அந்த அணிக்கு வந்துவிடும். எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் என்ற உச்ச நிலைப் பக்கமே வராமல் போவார்கள். நடுவில் மைனர் லீக் என்ற நீண்ட படிக்கட்டு இருக்கிறது: ரூக்கி, கீழ் ஏ, மேல் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ.

பின்னால் மூன்று முறை எம்விபி (லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) வாங்கிய ஒருவரை 24 பேருக்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், மற்ற அணிகளுக்கெல்லாம் கண் இல்லையா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வேகம் எல்லோருக்கும் தெரிந்தது, உடம்பு எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் இருந்தது வேறு, அது டிராஃப்ட் அன்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது, அடுத்த இரண்டு வருட மைனர் லீக் ஆட்டத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அதை எந்த எண்ணில் பார்த்திருக்க வேண்டும், எந்த எண்ணை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

மில்வில் பையன்

ட்ரவுட் பிறந்தது 1991 ஆகஸ்ட் 7, வளர்ந்தது நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மில்வில். பழைய கண்ணாடித் தொழில் ஊர். அப்பா ஜெஃப் ட்ரவுட்டும் பேஸ்பால் ஆடியவர்தான். 1983-ல் மினசோட்டா ட்வின்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. செகண்ட் பேஸ் ஆட்டக்காரராக டபுள் ஏ வரை ஏறினார், காயங்களோடு அங்கேயே நின்று, ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார். மகன் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்), சில நாள் பிட்சர், கடைசி வருடத்தில்தான் அவுட்ஃபீல்டுக்கு மாறினான். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளியின் கடைசி சீசனில் 18 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டும் அடி). அந்த மாநிலப் பள்ளி அளவில் அது அப்போது சாதனை. ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது எதிரணி அவனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தது. அதாவது ஒரு ரன்னைச் சும்மா கொடுத்துவிடுகிறோம், இவன் மட்டும் பந்தை அடிக்க வேண்டாம் என்ற முடிவு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்கவுட், அதாவது அணிக்காகத் திறமை தேடும் ஆள், பக்கம் நின்று யோசியுங்கள். தென் ஜெர்சிப் பள்ளிப் பிட்சர்களை அடித்தான் என்பதற்கு என்ன மதிப்பு? கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்ஸஸ் பையன்கள் வருடம் முழுக்க வெயிலில் ஆடுகிறார்கள், பதினேழு வயதுக்குள் நூற்றுக்கணக்கான நல்ல பிட்ச்களைப் பார்த்துவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் சீசன் தொடங்குவதே ஏப்ரலில், குளிரில். ஸ்கவுட் விமானம் பிடித்துப் போய் உட்கார்ந்தால் மழை வந்து ஆட்டம் நின்றுபோகும். போதாததற்கு முந்தைய சூடு ஒன்றும் இருந்தது: 2006-ல் அதே நியூ ஜெர்சியிலிருந்து பில்லி ரோவெல் என்ற பள்ளி ஆட்டக்காரரை பால்டிமோர் அணி 9-வது இடத்தில் எடுத்து, அவர் டபுள் ஏ தாண்டவே இல்லை (அடுத்த இடத்தில், 10-வதாக, சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தவர் டிம் லின்ஸிகம், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டு முறை). இப்படி ஒன்று நடந்துவிட்டால் அடுத்த ஜெர்சிப் பையனுக்காக மேலதிகாரியிடம் வாதாடுவது எந்த ஸ்கவுட்டுக்கும் கஷ்டம்தான்.

ஏஞ்சல்ஸுக்கு மட்டும் என்ன கூடுதலாக இருந்தது? இரண்டு விஷயம். அவர்களுடைய வடகிழக்குப் பகுதி ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட், ட்வின்ஸ் மைனர் லீக்கில் ஜெஃப் ட்ரவுட்டோடு ஒன்றாக ஆடியவர். அப்பா எப்படி ஓடுவார், எப்படி விளையாடுவார், எவ்வளவு பிடிவாதம் என்று அவருக்கு நேரிலேயே தெரியும், மகனைப் பார்க்கும்போது அந்தத் தகவலும் சேர்ந்தே வந்தது. இன்னொன்று 2008 கோடையில் கலிஃபோர்னியா லாங் பீச்சில் நடந்த ஏரியா கோட் ஆட்டங்கள். நாட்டின் சிறந்த பள்ளிப் பையன்கள் வருகிற இடம், பிட்சிங்கும் அந்தத் தரத்தில் இருக்கும். அங்கே ட்ரவுட் 11 முயற்சியில் 6 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் சேர்வது). பதினொன்று என்பது ஒன்றுமே இல்லாத எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ‘ஜெர்சிப் பிட்சர்களை மட்டும்தான் அடிப்பான்’ என்ற வாதத்துக்குக் கையில் இருந்த ஒரே பதில் அதுதான். ஏஞ்சல்ஸின் ஸ்கவுட்டிங் இயக்குநர் எடி பேன் இந்தப் பதிலை நம்பினார்.

டிராஃப்ட் நாளன்று, ஜூன் 9, நியூ ஜெர்சியின் செகாகஸில் இருந்த டிவி ஸ்டூடியோவுக்கு நேரில் வந்த ஒரே ஆட்டக்காரர் ட்ரவுட். கேமரா முன்னால் உட்கார்ந்து 24 பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பெயர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றாவது பெயர் டோனவன் டேட், ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில் பள்ளியின் அவுட்ஃபீல்டர், சான் டியேகோ அவருக்குக் கொடுத்தது 62.5 லட்சம் டாலர். ட்ரவுட்டுக்குக் கிடைத்தது 12 லட்சத்து 15 ஆயிரம். டேட் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியதில்லை. அன்றைய தேதியில் தாளில் எழுதினால் டேட், ட்ரவுட் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரிந்திருப்பார்கள்: சென்டர் ஃபீல்ட், வேகம், நல்ல உடல்கட்டு, அடிப்பானா என்று தெரியாது.

மதிப்பெண் போடும் விதம்

ஸ்கவுட்கள் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 60 நல்லது, 70 மிக நல்லது, 80 என்பது அரிதாகத்தான் விழும். அவுட்ஃபீல்டருக்கு ஐந்து பாடம்: அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு.

இதில் ஓட்டத்தை மட்டும்தான் கடிகாரம் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியும். மட்டை பந்தில் படும் சத்தம் கேட்டவுடன் ஸ்கவுட் ஸ்டாப்வாட்சை அழுத்துவார், கால் முதல் பேஸை மிதிக்கும்போது நிறுத்துவார். தூரம் 90 அடி. வலது கை பேட்டருக்கு 4.3 விநாடி என்றால் சராசரி, 4.0 வந்தால் 80 போட்டுவிடலாம். ட்ரவுட் வலது கை பேட்டர், நல்ல கனமான ஆள், நான்கு விநாடிக்குக் கீழே ஓடினார். அந்த 0.3, 0.4 விநாடி களத்தில் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் எட்டு, பத்து அடி வருகிறது. ஷார்ட்ஸ்டாப் பக்கம் சாதாரணமாக உருண்டு வரும் பந்து, ஃபீல்டர் இரண்டு அடி வலது பக்கம் நகர்ந்து எடுக்கிறார், நிமிர்ந்து, கால் ஊன்றி எறிகிறார், இதெல்லாம் அவர் ஆயிரம் தடவை செய்த வேலை. சராசரி ஆள் ஓடினால் இரண்டு எட்டு மிச்சமிருக்கும்போதே அவுட். இவர் ஓடும்போது ஃபீல்டருக்கு அந்தக் கால் ஊன்றும் நேரம் கிடைப்பதில்லை. அவசரமாக எறிவார், பந்து தரையில் பட்டுப் போகும், ஸ்கோர்கார்டில் ஹிட் அல்லது எரர் என்று ஏதோ ஒன்று விழும்.

இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால்தான் அவருடைய மைனர் லீக் எண்களைச் சரியாகப் படிக்க முடியும்.

சீடர் ராப்பிட்ஸ்

2009 கோடையில் அரிசோனா ரூக்கி லீக்கில் 39 ஆட்டம், பேட்டிங் சராசரி (முயற்சிகளில் ஹிட் ஆன பங்கு) 0.360. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த லீக் வெயிலில், காலியான மைதானங்களில், அப்போதுதான் ஒப்பந்தம் போட்ட பையன்கள் ஆடுவது. தப்பான ஆள் இல்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. 2010 சீசன் தொடங்கும் முன் பேஸ்பால் அமெரிக்கா இதழ் வெளியிட்ட முதல் 100 பேர் பட்டியலில் ட்ரவுட்டுக்கு 85-வது இடம். நியாயமான இடம்தான்.

அப்புறம் 2010. ஐயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் அணி, கீழ் ஏ நிலை, மிட்வெஸ்ட் லீக். 81 ஆட்டத்தில் சராசரி 0.362, பேஸ் ஏறும் விகிதம் (ஹிட்டோடு வாக்கையும் சேர்த்து) 0.454, ஸ்லக்கிங் (ஒரு முயற்சிக்கு அடியில் எத்தனை பேஸ், அதாவது பலத்தின் அளவு) 0.526, பேஸ் திருட்டு (பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) 45. பத்து முயற்சியில் மூன்று ஹிட் என்றாலே மேஜர் லீக்கில் பெரிய ஆள் என்பதை வைத்துப் பார்த்தால் 0.362 மலைக்க வைக்கும். ஆனால் ஹோம் ரன் வெறும் 6.

இங்கேதான் இரண்டு விதமான தப்பு செய்ய வாய்ப்பு இருந்தது. ஒன்று, 0.362-ஐ அப்படியே நம்புவது. மேலே சொன்ன ஷார்ட்ஸ்டாப் பந்தை நினைத்துப் பாருங்கள், கீழ் ஏ-யில் இன்ஃபீல்டர்களும் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள், தரையும் சுமார், 80 ஓட்டம் இருக்கிற ஒருவனுக்கு அங்கே நிறைய ஹிட் சும்மா கிடைக்கும். மேலே போகப் போக ஃபீல்டர்கள் தேறுவார்கள், அந்தக் கொசுறு குறையும். அதனால் 0.362-ல் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு தப்பு, 6 ஹோம் ரன்னைப் பார்த்துவிட்டு ‘வேகமான ஒற்றையடிக்காரன், பலம் இல்லை’ என்று முடிவு கட்டுவது. அப்போது பலர் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள், தப்பு சொல்ல முடியாது, எண் அப்படித்தான் சொன்னது.

உண்மையான தகவல் வேறு இரண்டு நெடுவரிசையில் இருந்தது. பேட்டர் மோசமான நான்கு பந்தை அடிக்காமல் விட்டால் வாக், சும்மாவே முதல் பேஸ். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். அந்த வருடம் முழுக்க, சீடர் ராப்பிட்ஸும் அடுத்து போன ராஞ்சோ குக்கமோங்காவும் சேர்த்து, ஏறத்தாழ 600 முறை மட்டை பிடித்ததில் 73 வாக், 85 ஸ்ட்ரைக் அவுட். பதினெட்டு வயது. அந்த நிலையில் மற்ற பேட்டர்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது, கல்லூரியில் மூன்று வருடம் ஆடிவிட்டு வந்தவர்கள் பலர். குளிர்ப் பிரதேசப் பள்ளியிலிருந்து வந்தவன், நல்ல பிட்சிங்கையே அதிகம் பார்க்காதவன், எதை அடிக்கலாம் எதை விடலாம் என்று இவர்களைவிட நன்றாகப் பிரித்தான். டிராஃப்ட் அன்று எல்லோருக்கும் இருந்த ஒரே பெரிய பயம் இதுதானே, பிட்சிங் பார்க்காத பையன் என்பது. அந்தப் பயத்துக்கான பதில் வாக், ஸ்ட்ரைக் அவுட் கணக்கில் வந்துவிட்டது. ஓட்டத்தால் வாக் வாங்க முடியாது. சுமாரான தரை உனக்கு வாக் கொடுக்காது. அதனால்தான் சராசரியை நம்பாத நான் இந்த எண்ணை நம்புவேன்.

ஜூலையில் ஏஞ்சல்ஸ் மைதானத்திலேயே நடந்த, மைனர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஃபியூச்சர்ஸ் ஆட்டத்தில் ஆடினார், அப்படியே மேல் ஏ நிலைக்கு ராஞ்சோ குக்கமோங்காவுக்கு அனுப்பினார்கள். 50 ஆட்டம், 0.306, ஸ்லக்கிங் 0.434. பேட்டர்களுக்கு வசதியான கலிஃபோர்னியா லீக்கில் ஸ்லக்கிங் இறங்குகிறதே என்று கவலைப்பட்டிருந்தால் அது நியாயமான கவலை. என் கணக்கில் அந்த வருடத்தின் ஒரே கறுப்புப் புள்ளி. ஆனால் அங்கேயும் 27 வாக், 33 ஸ்ட்ரைக் அவுட், அந்த விகிதம் அசையவே இல்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா பட்டியலில் 85-லிருந்து 2-வது இடம், மேலே பிரைஸ் ஹார்ப்பர் மட்டும்.

ஸ்கவுட்டிங் இயக்குநர் பேனுக்கு அந்தச் சந்தோஷம் அணிக்குள் இருந்தபடி கிடைக்கவில்லை, 2010 சீசன் முடியும் நேரத்தில் ஏஞ்சல்ஸ் அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டது. ட்ரவுட்டை எடுத்த அதே 2009 டிராஃப்டில் கேரட் ரிச்சர்ட்ஸ், டைலர் ஸ்காக்ஸ், பேட்ரிக் கார்பின் ஆகியோரையும் எடுத்தவர் அவர். ஒரு டிராஃப்ட் பலன் தர ஐந்து ஆறு வருடம் ஆகும், நிர்வாகம் அதுவரை காத்திருக்காது என்பது இந்தத் தொழிலின் சாபக்கேடு.

ஆர்கன்சா மைதானம்

2011, டபுள் ஏ, ஆர்கன்சா டிராவலர்ஸ். மைனர் லீக்கில் உண்மையான வடிகட்டி இந்த நிலைதான், இங்கே பிட்சர்களுக்கு மூன்று நல்ல பிட்ச் இருக்கும், பேட்டரின் பலவீனம் தெரிந்து அங்கேயே போடுவார்கள். ட்ரவுட் 91 ஆட்டத்தில் 0.326, பேஸ் ஏறும் விகிதம் 0.414, ஸ்லக்கிங் 0.544, 33 திருட்டு. ஹோம் ரன் 11. ட்ரிபிள் 13.

அந்த 13 ட்ரிபிளில் கொஞ்சம் நிற்க வேண்டும். டிராவலர்ஸின் சொந்த மைதானம் நார்த் லிட்டில் ராக்கில் இருக்கும் டிக்கி-ஸ்டீஃபன்ஸ் பார்க், ஹோம் ரன் அடிப்பதற்குக் கஞ்சத்தனமான மைதானம் என்று பெயர். வேறு ஊரில் வேலி தாண்டியிருக்கும் பந்து இங்கே வேலிக்கு முன்னால் விழும், ட்ரவுட் மாதிரி ஓடுகிறவனுக்கு அது மூன்று பேஸ். ட்ரிபிள் என்றால் வேகம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது, ஆனால் மெதுவாகத் தட்டிய பந்தில் யாரும் ட்ரிபிள் எடுக்க முடியாது, பந்து அவுட்ஃபீல்டர்களைத் தாண்டிப் போக வேண்டும், அதற்குப் பலமாக அடிபட வேண்டும். ஸ்லக்கிங் முந்தைய வருடம் மேல் ஏ-யில் 0.434, இப்போது அதைவிடக் கடினமான நிலையில், பேட்டருக்கு எதிரான மைதானத்தில், 0.544. பத்தொன்பது வயதில். பலம் வந்துவிட்டது, ஹோம் ரன் நெடுவரிசையில் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். 2011-ல் அங்கே ஒரு ஸ்கவுட் உட்கார்ந்திருந்தால் மட்டை சத்தத்திலேயே தெரிந்திருக்கும். எண்களை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு மைதானத்தைப் பற்றிய அறிவும் சேர்ந்திருந்தால்தான் தெரியும்.

சின்ன எச்சரிக்கை ஒன்றும் இருந்தது. 45 வாக், 76 ஸ்ட்ரைக் அவுட். முந்தைய வருடம் ஏறக்குறைய சமமாக இருந்த இரண்டும் இப்போது விலகத் தொடங்கின. பலமாகச் சுழற்றுகிறவன் கொஞ்சம் அதிகம் தவறவிடுவான், அது பேரத்தில் சேர்த்தி. நான் ஸ்கவுட்டாக இருந்தால் இதை எழுதி அடிக்கோடு போட்டிருப்பேன், ஆனால் பயந்திருக்க மாட்டேன்.

0.220

ஜூலை 2011-ல் சென்டர் ஃபீல்டர் பீட்டர் போர்ஜஸுக்குக் காயம். ட்ரிபிள் ஏ-யைத் தாண்டி நேராக மேலே கூப்பிட்டார்கள், ஜூலை 8 முதல் ஆட்டம், இருபது வயது ஆகவில்லை. 40 ஆட்டம் ஆடினார். 0.220. ஐந்து ஹோம் ரன், 9 வாக், 30 ஸ்ட்ரைக் அவுட். இடையில் ஒரு முறை டபுள் ஏ-வுக்குத் திருப்பியும் அனுப்பினார்கள். இலையுதிர் காலத்தில் அரிசோனா ஃபால் லீக்கில் (ரூக்கி லீக் அல்ல, வேறு) ஹார்ப்பரோடு ஒரே அணியில் ஆடியபோதும் சோபிக்கவில்லை.

இளம் ஆட்டக்காரர் விஷயத்தில் அவசரப்பட்டு எழுதுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 123 முயற்சி என்பது ஐந்து வார ஆட்டம். அதில் ஹிட் எண்ணிக்கை அதிர்ஷ்டத்தால் எங்கேயும் போகலாம். கேட்க வேண்டியது, தோற்ற விதம் எப்படி என்று. 0.220 அடித்த அந்த ஐந்து வாரத்தில் ஐந்து ஹோம் ரன் வந்திருக்கிறது, மிட்வெஸ்ட் லீக்கில் 81 ஆட்டத்தில் ஆறுதான் வந்தது. மேஜர் லீக் பிட்சர்களின் பந்தில், முழு சீசன் ஆடிக் களைத்த உடம்போடு. சராசரி விழுந்தபோது பலம் ஏறியிருந்தது. பேஸ்பால் அமெரிக்கா அந்த வருட முடிவில் அவருக்குத்தான் சிறந்த மைனர் லீக் ஆட்டக்காரர் விருது கொடுத்தது, ஆனாலும் அடுத்த பட்டியலில் 2-லிருந்து 3-க்கு இறக்கினார்கள், ஹார்ப்பருக்கும் பிட்சர் மாட் மூருக்கும் பின்னால்.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2012 வசந்தத்தில் வைரஸ் காய்ச்சல் வந்து எடை குறைந்து, சீசனை ட்ரிபிள் ஏ சால்ட் லேக்கில் தொடங்கினார். அங்கே 20 ஆட்டத்தில் 0.403, உயரமான ஊர், பந்து பறக்கும், பாதியைக் கழித்துவிடுங்கள். ஏஞ்சல்ஸ் 6 வெற்றி 14 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தபோது பாபி அப்ரேயுவை விடுவித்துவிட்டு ஏப்ரல் 28 அன்று இவரைக் கூப்பிட்டார்கள். அந்த சீசன் 139 ஆட்டத்தில் 0.326, 30 ஹோம் ரன், 49 திருட்டு, 129 ரன், ஒருமனதாகச் சிறந்த புதுமுகம். எம்விபி மட்டும் ட்ரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் லீக்கில் முதலிடம்) அடித்த மிகுவேல் கப்ரேராவுக்குப் போனது, அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, நான் ட்ரவுட் பக்கம்.

ஃபீல்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 27 அன்று பால்டிமோரில் ஜே.ஜே. ஹார்டி அடித்த பந்தை வேலிக்கு மேலே கையை விட்டுப் பிடித்தார், யூடியூபில் பார்த்திருப்பீர்கள். பார்க்க வேண்டியது குதிப்பை அல்ல. மட்டையில் பட்டதும் திரும்பி ஓடி, வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்து, குதிப்பதற்கு நின்று தயாராக நேரம் வைத்துக்கொண்டு போய்ச் சேருகிறார். பள்ளியின் கடைசி வருடம் வரை ஷார்ட்ஸ்டாப் ஆடிய ஆள் இது, அவுட்ஃபீல்டில் மூன்று வருடமே ஆகியிருந்தது. பந்தின் பாதையைக் கணிப்பதை மைனர் லீக்கில்தான் கற்றார், டிராஃப்ட் அறிக்கையில் அதை எழுதவே வழியில்லை.

கிரிச்சுக்

இந்த ஆய்வுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் குழு மாதிரி கிடைத்தவர் ரேண்டல் கிரிச்சுக். அதே நாள், அதே அணி, ஓர் இடம் முன்னால், 24. டெக்ஸஸ் பள்ளி அவுட்ஃபீல்டர், வலது கை, போனஸ் ட்ரவுட்டை விடக் கொஞ்சம் கூட. முதல் கோடையில் அதே அரிசோனா லீக்கில் ட்ரவுட்டை விட அதிகம் ஹோம் ரன் அடித்தது இவர்தான். அன்று ஹோம் ரன்னை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் பலர் கிரிச்சுக்கைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் அவர் வாக் வாங்குவது மிகவும் குறைவு, பேஸ் ஏறும் விகிதம் அவருடைய பேட்டிங் சராசரியை விடக் கொஞ்சமே மேலே. அந்தப் பழக்கம் மேலே போனபோதும் மாறவில்லை. மேஜர் லீக்கில் 200-க்கும் மேல் ஹோம் ரன் அடித்திருக்கிறார், டெக்ஸஸ் பையன் ஏமாற்றவில்லை, பத்து வருடத்துக்கு மேல் நல்ல சம்பளம் வாங்கிய ஆட்டக்காரர். ஆனால் பேஸ் ஏறும் விகிதம் 0.300 பக்கத்திலேயே நின்றுவிட்டது. 2013 நவம்பரில் ஏஞ்சல்ஸ் அவரை செயின்ட் லூயிஸுக்கு மாற்றிவிட்டது, கூடவே போனவர் பீட்டர் போர்ஜஸ், காயத்தால் ட்ரவுட்டுக்கு வழி விட்ட அதே ஆள்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பதினெட்டு வயதில் இருக்கிற பலம் பின்னால் கூடலாம், ஆனால் பதினெட்டு வயதில் கெட்ட பந்தைத் துரத்துகிறவன் இருபத்தெட்டிலும் துரத்துவதற்கே வாய்ப்பு அதிகம். விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிப் பணம் போட மாட்டேன்.

2010 செப்டம்பரில் என்னை ட்ரவுட் பற்றி அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் எதிர்கால மதிப்பெண் இப்படிப் போட்டிருப்பேன். அடிக்கும் திறன் 70. ஓட்டம் 80. ஃபீல்டிங் 65, கணிப்பு இன்னும் கூடும் என்ற குறிப்போடு. கை 45, எறிதல்தான் அவருடைய பலவீனமான பாடம். பலம் 55, வருடத்துக்கு 18-20 ஹோம் ரன். இதில் அடிக்கும் திறன், ஓட்டம், ஃபீல்டிங், கை எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். 2014-ல் மேலே வரும் வேகமான பந்துக்குத் தவறவிட்டுத் தவறவிட்டு 184 ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அமெரிக்கன் லீக்கிலேயே அதிகம், அதே வருடம் முதல் எம்விபி. ஆர்கன்சாவில் அடிக்கோடு போட்டிருப்பேன் என்றேனே, அந்த விலகலின் பெரிய வடிவம் இது. பேஸ் திருட்டு 49-லிருந்து 2015-ல் 11-க்கு வந்தது, கனமான உடம்பு வேகத்தைத் தின்னும் என்று அப்போதே பயந்த ஸ்கவுட்களுக்கு அதில் பாதி மதிப்பெண் கொடுக்கலாம், ஏனென்றால் சென்டர் ஃபீல்டை விட்டு அவரை ரைட் ஃபீல்டுக்கு நகர்த்தியது 2025-ல்தான். பலத்தில் மட்டும் நான் படுதோல்வி. 2015-ல் 41 ஹோம் ரன், 2019-ல் 45.